எச்சிலுக்கு அஞ்சி, மூச்சை மறந்து

சுவாச வைரஸ் உடலின் எந்த நீரில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. எந்த வழியாகப் பரவுகிறது என்பது வேறு கேள்வி. ஐம்பது பேரே மிஞ்சியுள்ள அந்தமான் இனத்துக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

2020 ஆகஸ்ட். தென்மேற்குப் பருவமழையில் அந்தமான் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்த நேரத்தில் சுகாதாரத் துறைக் குழு ஒன்று படகேறி ஸ்ட்ரெய்ட் தீவுக்குப் போனது. கிரேட் அந்தமானியர் என்ற பழங்குடியினரை அரசு குடியமர்த்தியுள்ள சின்னஞ்சிறு தீவு அது. குழு 37 பேரின் மாதிரிகளைச் சோதித்தது. நான்கு பேருக்குக் கொரோனா. தலைநகர் போர்ட் பிளேரில் தங்கியிருந்த அதே இனத்தவர் ஆறு பேருக்கு ஏற்கெனவே தொற்று உறுதியாகியிருந்தது. மொத்தம் பத்து.

பத்து என்பது அந்த ஆண்டு சென்னையில் ஒரு தெருவின் கணக்கு. ஆனால் கிரேட் அந்தமானியரின் அன்றைய மொத்த மக்கள்தொகையே 53. ஏறத்தாழ ஐந்தில் ஒருவரை வைரஸ் தொட்டுவிட்டிருந்தது.

அதற்கு நான்கு மாதம் முன்புதான், ஏப்ரல் 4 அன்று, லிச்சோ என்ற பெண்மணி போர்ட் பிளேரில் இறந்திருந்தார். சாரே என்ற மொழியைப் பேசத் தெரிந்த கடைசி மனிதர் அவர். நெடுநாளாகக் காசநோயும் இதயக் கோளாறும் அவருக்கு இருந்தன. பத்து ஆண்டுகளுக்கு முன்பு, 2010 ஜனவரியில், போவா என்ற மூதாட்டியுடன் போ என்ற மொழி இறந்தது. மொழியியலாளர் அன்விதா அப்பி இந்த மொழிகளைப் பதிவு செய்யப் பல ஆண்டுகள் உழைத்தார். தமிழ் போன்ற ஒரு மொழியில் படித்துப் பிழைப்பவர்களுக்கு, ஒரே ஒருவர் இருமத் தொடங்கினால் ஒரு மொழிக்கே ஆபத்து என்பது எளிதில் மனதில் பதியாது.

ஸ்ட்ரெய்ட் தீவுக்கு வைரஸ் எப்படிப் போய்ச் சேர்ந்தது? அதிகாரிகள் சொன்ன விளக்கத்தில் மர்மம் இல்லை. இந்த இனத்தவரில் சிலர் போர்ட் பிளேரில் வேலை பார்க்கிறார்கள். ஊரடங்கு தளர்ந்ததும் நகரில் நடமாடினார்கள். நகருக்கும் தீவுக்கும் போய்வந்தார்கள். பத்துப் பேரும் பிழைத்தது நல்ல செய்தி.

ஆனால் அந்த ஆண்டு முழுக்க, இங்கும் எங்கும், மக்கள் கேட்ட கேள்வி வேறு. எச்சிலில் வருமா? வியர்வையில்? கண்ணீரில்? தாய்ப்பாலில்? ரத்தம் ஏற்றினால்? கணவன் மனைவி உறவில்? கழிவறையில்? கொஞ்சம் கூச்சத்தோடு கேட்கப்பட்டாலும் இவை நியாயமான கேள்விகள். ஒரு கிருமியின் வழி தெரிந்தால்தான் எந்தக் கதவை மூடுவது என்று தெரியும்.

தமிழர்களுக்கு எச்சில் பற்றிய எச்சரிக்கை புதிதல்ல. எஞ்சியது என்பதிலிருந்து பிறந்த சொல் எச்சில். முதலில் மிச்சம், பிறகு வாய்பட்ட உணவு, பிறகு வாயில் ஊறும் நீர் என்று பொருள் நகர்ந்திருக்கிறது. செம்பை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கப் பழக்கும் பாட்டிகள் போர்ட் பிளேரின் தமிழ்க் குடும்பங்களிலும் உண்டு. அதே ஊரில்தான் பாக்கும் புகையிலையும் மென்று சுவர் மூலையில் துப்புவதும் நடக்கிறது. 2020 ஏப்ரல் 15 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறைகள் பொது இடத்தில் துப்புவதை அபராதத்துக்குரிய குற்றமாக்கின. துப்பியது கண்ணுக்குத் தெரிகிறது. அபராதம் போடுவதும் சுலபம்.

ஆய்வுக்கூடங்கள் என்ன கண்டன? 2020 மார்ச்சில் சீன மருத்துவர்கள் 205 நோயாளிகளிடமிருந்து எடுத்த 1,070 மாதிரிகளின் முடிவை வெளியிட்டார்கள். நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் 93 சதவீதம், சளியில் 72 சதவீதம், மூக்கில் 63 சதவீதம் வைரஸின் அடையாளம் இருந்தது. மலத்தில் 29 சதவீதம். ரத்தத்தில் வெறும் ஒரு சதவீதம். சோதித்த 72 சிறுநீர் மாதிரிகளில் ஒன்றில்கூட இல்லை. இரண்டு மாதம் கழித்து ஷாங்சியூ நகரிலிருந்து இன்னொரு செய்தி: 38 ஆண் நோயாளிகளில் ஆறு பேரின் விந்தில் வைரஸின் தடயம். உலகப் பத்திரிகைகள் அதைத் தலைப்பாக்கின. அமெரிக்காவில் 18 தாய்மார்கள் கொடுத்த 64 தாய்ப்பால் மாதிரிகளில் ஒன்றில் மட்டும் தடயம் தெரிந்தது.

இங்கேதான் நிதானம் தேவைப்படுகிறது. ஆர்டி-பிசிஆர் என்ற பரிசோதனை தேடுவது உயிருள்ள வைரஸை அல்ல. அதன் மரபணுத் துண்டை. தீபாவளிக்கு மறுநாள் காலை தெருவில் கிடக்கும் சிவப்புக் காகிதம் நேற்று இங்கே பட்டாசு வெடித்தது என்பதற்குச் சாட்சி. அந்தக் காகிதத்தைப் பற்றவைத்தால் வெடிக்காது. தாய்ப்பாலில் தடயம் தெரிந்த அந்த ஒரு மாதிரியை வளர்த்துப் பார்த்தார்கள். பெருகும் திறனுள்ள வைரஸ் அதில் இல்லை. தாய்க்குத் தொற்று இருந்தாலும் முகக்கவசம் அணிந்து பாலூட்டலாம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை இதனால் உறுதிப்பட்டது. ரத்தம் ஏற்றியதால் கொரோனா வந்ததாக உறுதியான நிகழ்வு எதுவும் பதிவாகவில்லை. விந்தின் வழியாகப் பரவியதாகவும் நிரூபணம் இல்லை. உறவின்போது பரவுகிறது என்றால் அதற்கு விந்து தேவையில்லை; இரண்டு முகங்கள் அத்தனை அருகில் இருப்பதே போதும். வியர்வையைப் பற்றிச் சொல்லவே ஒன்றுமில்லை.

மலம் கொஞ்சம் சிக்கலானது. 2003-ல் சார்ஸ் பரவியபோது ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் அதிகமானோருக்குத் தொற்று வந்தது. 42 பேர் இறந்தார்கள். வயிற்றுப்போக்குடன் வந்த ஒரு நோயாளி கழிவறையைப் பயன்படுத்தியிருந்தார். பல வீடுகளில் தரைக்குழாயின் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போயிருந்தது. வெளியேற்றும் மின்விசிறி சுழன்றதும் கழிவுக் குழாய்க் காற்று வீட்டுக்குள் இழுக்கப்பட்டது என்று விசாரணையில் சொல்லப்பட்டது. 2020-ல் குவாங்சோவின் ஓர் உயர்ந்த கட்டடத்திலும், மேலும் கீழுமாக இருந்த மூன்று குடும்பங்களுக்குக் கழிவுக் குழாய் வழியே கொரோனா போயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். இந்த இரண்டு இடத்திலும் மனிதர்கள் கழிவைத் தொட்டு நோயுறவில்லை. கழிவிலிருந்து எழுந்த நுண்துளிகளைச் சுவாசித்தார்கள். உடல் நீர் காற்றாக மாறிய பிறகுதான் அது வழியானது.

எச்சிலும் அப்படித்தான். கொரோனா வைரஸ் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலேயே பெருகக்கூடும் என்று 2021-ல் தெரியவந்தது. ஆகவே எச்சிலில் உயிருள்ள வைரஸ் உண்டு. பாட்டியின் எச்சரிக்கை வீண் அல்ல. ஆனால் துப்பிய எச்சில் தரையில் கிடக்கிறது. பேசும்போது வெளியேறும் எச்சில் காற்றில் மிதக்கிறது. ஒரு நிமிடம் உரக்கப் பேசினால் வைரஸ் தாங்கிய ஆயிரம் நுண்துளிகளாவது வெளியேறி, மூடிய அறையில் எட்டு நிமிடத்துக்கும் மேல் மிதக்கக்கூடும் என்று 2020-ல் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழக விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அதே ஆண்டு மார்ச் 10 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் பகுதியில் 61 பேர் இரண்டரை மணி நேரம் சேர்ந்திசைப் பயிற்சி செய்தார்கள். யாரும் யார் மேலும் துப்பவில்லை. 53 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள்.

இதை உலகம் ஒப்புக்கொள்ள நாளாயிற்று. 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம் இது காற்றில் பரவும் நோய் அல்ல என்று சமூக ஊடகத்தில் அடித்துச் சொன்னது. ஜூலையில் லிடியா மொராவ்ஸ்கா தலைமையில் 239 விஞ்ஞானிகள் மறுப்புக் கடிதம் எழுதினார்கள். 2021 மே மாதம், இரண்டாவது அலையில் நாடே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது, மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம், நுண்துளிகள் பத்து மீட்டர் வரை போகலாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று அறிவுறுத்தியது. அதற்குள் டன் கணக்கில் பிளீச்சிங் பவுடர் செலவாகியிருந்தது. அசுத்தமான பரப்பை ஒரு முறை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. காய்கறியைச் சோப்பு போட்டுக் கழுவியவர்கள் வருந்த வேண்டாம். கை சுத்தம் வேறு பல நோய்களுக்கு நல்லது.

குழப்பத்தில் மொழிக்கும் பங்கு உண்டு என்று மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவனாகச் சொல்லத் தோன்றுகிறது. ஆங்கில மருத்துவம் துளி, மிதக்கும் துகள் என்று இரண்டாகப் பிரித்து, ஐந்து மைக்ரான் என்ற ஒரு கோட்டை நடுவே கிழித்து வைத்திருந்தது. தமிழ் அறிவிப்புகளில் அது எச்சில் துளி, நீர்த்திவலை என்றெல்லாம் வந்தது. துளி என்றால் கண்ணுக்குத் தெரியும், விழுந்துவிடும். திவலை என்றால் சாரல், அலைச் சிதறல். வாசகர் மனதில் விழுந்தது கண்ணில் படும் ஈரம். பட்டால் துடைத்துவிடலாம் என்ற தைரியம். 2024 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனமே பழைய பிரிவினையைக் கைவிட்டது. பெரியதோ சிறியதோ எல்லாம் தொற்றுள்ள சுவாசத் துகள்கள்தான், அவை காற்று வழியே பரவுகின்றன என்று புதிய சொற்களை வகுத்தது. நான்கு ஆண்டு தாமதம்.

உடல் நீர்களின் வழியாகவே பரவும் வைரஸ்கள் இல்லாமலில்லை. கேரளத்தில் 2018-ல் 17 பேரைக் கொன்ற நிபா, நோயாளியின் எச்சிலோடும் சிறுநீரோடும் நெருங்கிப் புழங்கியவர்களைத்தான் அதிகம் தாக்கியது. அந்தமான் நிக்கோபாரில் இதற்கு இன்னும் அழுத்தமான உதாரணம் இருக்கிறது. போர்ட் பிளேரில் 1983-ல் அமைக்கப்பட்ட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல மையம், நிக்கோபாரியர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸின் அடையாளத்தைக் கண்டது. ஷோம்பென் இனத்தவரிடமும் ஜரவாக்களிடமும் அளவு அதைவிட அதிகம். ஹெபடைடிஸ் பி ரத்தத்தில் வாழ்கிறது. தாயிடமிருந்து சேய்க்கும், உறவிலும், ஊசியிலும் போகிறது. மெதுவாகப் போகிறது. தலைமுறைகளாக அந்த மக்களோடு இருந்து கல்லீரலை அரிக்கிறது. கார் நிக்கோபாரில் 2000-த்தில் சோதனை முறையில் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அவகாசம் இருந்தது, போட முடிந்தது.

மூச்சில் வரும் வைரஸ் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. இரண்டு வழிகளுக்குமுள்ள வித்தியாசத்தை அந்தமானியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தங்கள் உடம்பில் பார்த்துவிட்டார்கள்.

1858 மார்ச்சில் ஆங்கிலேயர் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கியபோது கிரேட் அந்தமானியர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களைப் பழக்குவதற்கென்று அந்தமான் இல்லங்கள் என்ற பெயரில் கொட்டகைகளைக் கட்டி, காட்டில் சிறு குழுக்களாகச் சிதறி வாழ்ந்தவர்களை ஒரே கூரையின் கீழ் சேர்த்தார்கள். 1876-ல் அவர்களிடையே மேகநோய் பரவியிருப்பது தெரியவந்தது. அது உடல் நீர் வழி நோய். குழந்தைப்பேற்றைக் குலைத்து வருடக்கணக்கில் தேய்த்தது. அடுத்த ஆண்டே, 1877-ல், தட்டம்மை வந்தது. நம் கிராமங்களில் மணல்வாரி என்பார்கள். அது வருடக்கணக்கில் காத்திருக்கவில்லை. கிரேட் அந்தமானியரில் பாதிப் பேராவது அதில் இறந்திருக்கலாம் என்று, அவர்களுக்குப் பொறுப்பதிகாரியாக இருந்த எம்.வி. போர்ட்மன் தன் வரலாற்று நூலில் எழுதினார். இல்லங்களில் பிடித்த நோயை, ஊர் திரும்பியவர்கள் காடெங்கும் கொண்டுபோனார்கள். 1901 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 625 பேர். 1961-ல் 19.

தட்டம்மையும் சுவாச வைரஸ்தான். மூச்சுக் காற்றில் பரவுவதில் அதற்கு நிகர் குறைவு. நோயாளி அறையை விட்டுப் போய் இரண்டு மணி நேரம் வரைகூட அவர் விட்ட காற்றில் அது தங்கியிருக்கும். இந்த நோய் தீவுகளை எப்படித் தின்னும் என்பதை 1846-லேயே டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானும், வட அட்லாண்டிக் கடலின் ஃபாரோ தீவுகளில் பதிவு செய்தார். ஏறத்தாழ 7,800 பேரில் 6,000 பேருக்கு அம்மை. தப்பிய முதியவர்கள் 65 ஆண்டுகளுக்கு முன், 1781-ல், ஒரு முறை அம்மை கண்டவர்கள். 1966-ல் பிரான்சிஸ் பிளாக் என்ற ஆய்வாளர் பல தீவுகளின் கணக்கை ஒப்பிட்டு, தட்டம்மை அணையாமல் நிலைத்திருக்க ஓரிடத்தில் ஐந்து லட்சம் பேர் போல வேண்டும் என்றார். அந்தமான் நிக்கோபாரின் மொத்த மக்கள்தொகை 2011-ல் 3.8 லட்சம். அந்தக் கணக்குப்படி இங்கே அம்மை தானாக நிலைக்காது. ஒவ்வொரு முறையும் கப்பலிலோ விமானத்திலோ யாரோ ஒருவரின் நுரையீரலில் ஏறித்தான் வர வேண்டும். காட்டுக்குள் இருக்கும் 400 பேருக்கு அது அடுத்த தலைமுறை வரை வராமல்கூட இருக்கலாம். வரும்போது எதிர்ப்பு சக்தியுள்ள ஒருவரும் இருக்க மாட்டார்.

போர்ட்மன் இன்னொரு காரியமும் செய்தார். 1880-ல் வட சென்டினல் தீவில் இறங்கி, ஒரு வயதான தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்து போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். வந்ததும் எல்லோரும் நோயுற்றார்கள். பெரியவர்கள் இருவரும் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருள்களோடு திருப்பி அனுப்பினார்கள். அந்தக் குழந்தைகள் தீவுக்கு வேறு எதைக் கொண்டுபோனார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. சென்டினல் தீவினர் அம்போடு நிற்பதைக் காட்டுமிராண்டித்தனம் என்று எழுதுகிறவர்கள் இந்த வரலாற்றை ஒரு முறை படிக்கலாம்.

ஜரவாக்களின் கதை சமீபத்தியது. 1996-ல் கால் முறிந்து கிடந்த என்மெய் என்ற ஜரவா இளைஞன் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, குணமாகிக் காட்டுக்குத் திரும்பினான். 1997 அக்டோபரில் அவனும் கூட்டாளிகளும் வில் அம்பு இல்லாமல் கிராமங்களுக்கு வந்தார்கள். பகை தீர்ந்தது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1999-ல், ஜரவாக்களிடையே தட்டம்மை பரவியது. பலர் நிமோனியாவோடு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 122 ஆண்டுகளுக்கு முந்தைய கதை அப்படியே திரும்பாமல் போனதற்குக் காரணம் ஆன்டிபயாடிக் மருந்துகளும், இரவு பகல் பாராத மருத்துவர்களும், செவிலியர்களும். அதே இடத்தில் ஹெபடைடிஸ் பி யுகக்கணக்கில் இருந்தும் இந்த இனம் அழியவில்லை என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஜரவாக் காட்டை ஊடுருவிப் போகும் அந்தமான் நெடுஞ்சாலையைக் காப்பகப் பகுதியில் மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் உத்தரவிட்டது. சாலை மூடப்படவில்லை. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வாகனங்களை வரிசையாக நிறுத்தி, காவலோடு கூட்டமாக அனுப்பும் முறை வந்தது. வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தின்பண்டம் கொடுக்கக் கூடாது. விதிகள் நல்லவையே. ஆனால் தின்பண்டத்தின் மேல் உள்ள கண் மூச்சின் மேல் இல்லை. பிஸ்கட் பொட்டலத்தில் ஒட்டியிருக்கக்கூடிய கிருமியைவிட, அதை நீட்டும்போது ஜன்னலுக்கு வெளியே சிரித்துப் பேசும் வாய்தான் அபாயம். அடுத்த சாலைத் திருப்பத்தில் அவருக்கு இருமல் தொடங்கலாம். அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அவர் வைரஸைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கலாம். கொரோனா கற்பித்த முக்கியமான பாடங்களில் ஒன்று அது. சென்னையிலிருந்து கப்பலில் வருபவர் ஏறத்தாழ 60 மணி நேரம் பங்க் வகுப்பில் நூற்றுக்கணக்கானவர்களோடு ஒரே காற்றைப் பங்கிட்டுக்கொண்டு வருகிறார். இறங்கும்போது அவர் நெற்றியில் வெப்பமானியைக் காட்டினால், அது காய்ச்சலைத்தான் சொல்லும்.

நிர்வாகத்தைக் குறை மட்டும் சொல்வது நியாயமாகாது. 2020 மார்ச் 26 அன்று முதல் நோயாளி கண்டறியப்பட்டதிலிருந்து போர்ட் பிளேர் மண்டல மையம் பரிசோதனையைச் சுமந்தது. கருவிகள் தட்டுப்பாட்டில் இருந்த ஏப்ரலிலேயே பலரின் மாதிரிகளைச் சேர்த்து ஒன்றாகச் சோதிக்கும் முறையை இந்தத் தீவுகள் கையாண்டன. 2021 டிசம்பரில், தகுதியுள்ள எல்லோருக்கும் இரண்டு தவணைத் தடுப்பூசி போட்டு முடித்ததாக அறிவித்தன. கொரோனாவால் இங்கே பதிவான மரணங்கள் 129. பெருநிலத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான்.

ஆனால் எல்லோருடைய உடம்பும் ஒன்றல்ல என்ற எச்சரிக்கை அதே 2021-ல் வந்தது. ஹைதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் ஞானேஷ்வர் சௌபேயும் சகாக்களும் 227 இனக்குழுக்களைச் சேர்ந்த 1,600-க்கும் மேற்பட்டவர்களின் மரபணுவை ஆராய்ந்தார்கள். நெடுங்காலம் சிறு கூட்டமாகத் தனித்து வாழ்ந்ததால் ஓங்கே, ஜரவா மக்களின் மரபணுவில் தாய் வழியும் தந்தை வழியும் ஒன்றேபோல் இருக்கும் பகுதிகள் மிக நீளமாக உள்ளன; இத்தகையவர்களுக்குக் கொரோனாவால் ஆபத்து கூடுதலாக இருக்கலாம் என்றார்கள். இது கணக்கீடு, ஜோசியம் அல்ல. ஸ்ட்ரெய்ட் தீவின் பத்துப் பேரும் பிழைத்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும் 2011 கணக்கெடுப்பின்படி ஓங்கேக்கள் 101 பேர், ஜரவாக்கள் 380 பேர் என்று இருக்கும்போது, யாரும் இதைச் சோதித்துப் பார்க்க விரும்ப மாட்டார்கள்.

சோதித்துப் பார்க்க விரும்பும் தனிமனிதர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். 2018 நவம்பரில் அமெரிக்க மதப் பிரசாரகர் ஜான் ஆலன் சாவ் வட சென்டினலில் இறங்கிக் கொல்லப்பட்டார். கிளம்பும் முன் அவர் தன்னைத் தனிமைப்படுத்திக்கொண்டார் என்று அவரை ஆதரித்தவர்கள் சொன்னார்கள். அவரைத் தீவின் அருகே கொண்டுபோன மீனவர்களின் மூச்சுக்கு யார் உத்தரவாதம்? 2025 மார்ச் 29 அன்று 24 வயது அமெரிக்கர் ஒருவர் தனியே படகில் அதே தீவுக்குப் போனார். கரைக்கு வெளியே நின்று நெடுநேரம் விசில் ஊதினார். ஐந்து நிமிடம் இறங்கி, மணல் அள்ளிக்கொண்டு, ஒரு டயட் கோக் டப்பாவையும் ஒரு தேங்காயையும் வைத்துவிட்டுத் திரும்பினார். கைது செய்யப்பட்டார். செய்திகளெல்லாம் அந்த டப்பாவைச் சுற்றியே இருந்தன. வெயிலில் கிடக்கும் டப்பாவில் சுவாச வைரஸ் அதிக நேரம் தாங்காது. விசில் சத்தம் கேட்டு யாராவது அவரருகே வந்து நின்றிருந்தால்தான் விபரீதம்.

கிரேட் நிக்கோபார் தீவில் கலத்தியா விரிகுடாவில் சரக்கு மாற்றுத் துறைமுகமும் விமான நிலையமும் புதிய நகரமும் கட்டும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அப்போது மதிப்பிட்ட செலவு ரூ.72,000 கோடி. முப்பது ஆண்டுகளில் அங்கே மூன்றரை லட்சம் பேர் வரை குடியேறலாம் என்று திட்ட ஆவணங்கள் கூறுகின்றன. அந்தத் தீவின் காட்டுக்குள் வாழும் ஷோம்பென் இனத்தவர் 2011-ல் 229 பேர். வெளியாரோடு புழங்காதவர்களே அவர்களில் அதிகம். 13 நாடுகளைச் சேர்ந்த 39 இனப்படுகொலை ஆய்வறிஞர்கள் 2024 பிப்ரவரியில் குடியரசுத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தத் திட்டம் ஷோம்பென்களுக்கு மரண தண்டனைக்குச் சமம் என்றார்கள். அவர்களுக்கு எதிர்ப்பு சக்தி இல்லாத நோய்களையும் காரணமாகக் காட்டினார்கள். பழங்குடியினரின் நலன் காக்கப்படும், அவர்களின் பகுதிக்குள் வெளியார் போகாமல் பார்த்துக்கொள்ளப்படும் என்பது அரசின் பதில். துறைமுகம், நகரம், சாலை எல்லாம் காட்டின் ஓரத்திலேயே வருகின்றன. கட்டுமானத் தொழிலாளர்களுக்கு என்னென்ன தடுப்பூசி, எத்தனை நாள் தனிமை, இருமல் வந்தவரை எந்த முகாமில் வைப்பது என்ற கேள்விகளுக்கு முதல் கப்பல் கிளம்பும் முன்பே பதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.